லூக்காஸுக்கு நோவு வந்த இஞ்சின்

அன்புத் தம்பிக்கு,

முதலில் பிள்ளைகள் சேதி. நீ அதைத்தான் முதலில் கேட்பாய். பெரியவள் மகன் பத்தாவதில் கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்திருக்கிறான். கூட்டலுக்கே விரல் மடக்கிய நம் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை. நடுவிலவளுக்குக் கான்வென்டில் டீச்சர் வேலை நிரந்தரமாகிவிட்டது. குடை பிடித்துக்கொண்டு அவள் தெருவில் வந்தால் பெரிய ஆட்களே ஒதுங்கி வழிவிடுகிறார்கள். என் மகன், உன் மருமகன், பாங்கிப் பரீட்சையில் தேறிப் புதுச்சேரியில் வேலை பார்க்கிறான். கடைக்குட்டிப் பேத்தி, ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவுப் பூசையில் மைக்கைப் பிடித்து வாசகம் படித்தாள். ஓர் எழுத்து தடுமாறவில்லை. சாமியார் கூப்பிட்டுத் தலையில் கை வைத்தார்.

அப்புறம், நடுவிலவள் புருஷன் ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறார். அதைப் பெருமையில் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாததால் கடைசியில் எழுதுகிறேன்.

இன்றைக்கு அந்தக் காரை நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் கொல்லைப் பக்கம் உட்கார்ந்து கானாங்கெளுத்தி அரிந்துகொண்டிருந்தேன். நீலப்புகை வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்கு வந்தது. எரிந்த ஆயில் வாடை. மீன் வாடையையும் தாண்டி மூக்கில் ஏறியது. கையில் இருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். மாப்பிள்ளை பதறிப்போய் வந்தார்.

"என்னங்க அத்தை, மயக்கமா?"

மயக்கமில்லை. நீ வந்துவிட்டுப் போனாய் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

தண்ணீர் குடித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். மாப்பிள்ளை பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஆயில் குடிக்கிதுங்க அத்தை. இஞ்சினை இறக்கித்தான் ஆவணும். ஒர்க்‌ஷாப்புல விடுறதா, நாமளே பிரிச்சிப் பாத்துடுறதான்னு ஒரே யோசனை. உங்க தம்பி இந்த வாசல்லதான பிரிச்சாரு? நீங்கதான கூட இருந்தீங்க? சொல்லுங்க," என்றார்.

அஞ்சாம் வகுப்போடு நின்ற என்னிடம் இஞ்சினுக்கு யோசனை கேட்கிறார் பட்டம் படித்தவர். காலையில் சொல்கிறேன் என்று உள்ளே வந்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அப்பா கண்ணை மூடும்போது உனக்கு விட்டுப்போனது அந்த அம்பாசிடர் ஒன்றுதான். சனிக்கிழமை திருநள்ளாறு, வியாழக்கிழமை நாகூர், ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணி. மூன்று மதத்து ஜனங்களும் ஏறி இறங்கிய வண்டி. "நமக்குச் சோறு போடுறதுல சாமிகளுக்குள்ள சண்டையே இல்லக்கா" என்பாய். ஆனால் பெரிய வருமானம் என்றால் அது சனிப்பெயர்ச்சிதான். சனீஸ்வரன் கோயில் பூசைக்கு நாம் போகாவிட்டாலும், சனி எப்போது எந்த ராசிக்கு நகர்கிறது என்று நம் வீட்டுக்குத் தெரிந்த அளவுக்கு அக்கிரகாரத்தில்கூடத் தெரிந்திருக்காது.

அப்படி ஒரு பெயர்ச்சி நெருங்கும்போதுதான் வண்டி புகைய ஆரம்பித்தது. மேடு ஏறினால் முக்கியது. வேளாங்கண்ணியிலிருந்து திரும்புகிற வழியில் சவாரியை இறக்கித் தள்ளச் சொன்னாய். அவர்கள் தள்ளிக்கொண்டே உன் வம்சத்தைத் திட்டினார்கள். கும்பகோணத்து ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, பெயர்ச்சிக்கு முன்னால் முடியாது, விட்டுவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார்கள். பெயர்ச்சி போன பிறகு வண்டி எதற்கு?

உன் மச்சானுக்கு, அதான் என் வீட்டுக்காரருக்கு, அதுதான் சமயமாகப் போயிற்று. அவருடைய பெரியப்பா மகன் துபாயிலிருந்து விசா அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தான்.

"மாப்ளே, அந்த இரும்ப எடைக்குப் போட்டுட்டு வா. அங்க ஏசி காரு ஓட்டலாம். இங்க ஒக்காந்து ஏன் பொகையத் தின்னுக்கிட்டுக் கெடக்குற?" என்றார்.

நீ அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஓடுற வண்டிய வித்துட்டுப் போறவனுக்கு டிரைவர்னு பேரு. ஓடாத வண்டிய எடைக்குப் போட்டுட்டுப் போறவனுக்கு என்ன பேரு மச்சான்?" என்றாய். அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நீ பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிரில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பாய். ஸ்பேனரை எடுப்பாய், வைப்பாய். பொண்ணு பார்க்கப் போன இடத்தில் பேச்சு வராதவன் மாதிரி இருந்தாய். சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தால், "பிரிக்கிறது யாராலயும் முடியுங்க்கா. திருப்பி மாட்டுறதுக்குத்தான் ஆளு வேணும். மாட்டத் தெரியாம பிரிச்சிட்டா எடைக்குக்கூட எவனும் வாங்கமாட்டான்," என்றாய்.

எனக்கு இஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? அது ஓடாவிட்டால் நீ கப்பல் ஏறிவிடுவாய் என்பது மட்டும்தான் தெரியும். அம்மா போன பிறகு இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்த பிள்ளையை அந்த மணல்காட்டுக்கு அனுப்ப எனக்கு மனசில்லை.

"அம்மா செத்தப்ப உன்ன எப்படி வளக்குறதுன்னு எனக்கு யாருடா சொல்லிக்குடுத்தா? தூக்கி இடுப்புல வச்சேன், வளந்தே. பிரிடா" என்றேன்.

"நான் ஒருத்தன் அக்கா. இதுக்குள்ள ஆயிரம் இருக்கு."

"நீ ஒருத்தனே ஆயிரம் பேரு படுத்துற பாடு படுத்துனே. தின்னுட்டுப் பிரி."

மறுநாள் கருக்களாச்சேரிக்குப் போய்க் காதர் பாயைக் கூட்டி வந்தாய். விசைப்படகு இஞ்சின் பார்க்கிறவர். கார் இஞ்சினைத் தொட்டதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர், "தரையில நிக்கிற வண்டிக்கா தம்பி இவ்வளவு யோசனை? நம்ம ஆளுங்க நடுக்கடல்ல பிரிச்சி மாட்டிக்கிட்டுக் கரைக்கு வர்றானுவ. அங்க ஒரு நட்டு விழுந்தா மீனு வாயில போயிரும். இங்க விழுந்தா கோழிதான கொத்தும்?" என்றார். நீ அன்றைக்குத்தான் சிரித்தாய்.

படகுக் கம்பு மூன்றைக் கூடாரம் மாதிரி நட்டு, படகுக் கயிற்றைப் போட்டு, அவரோடு வந்த ஆட்கள் வலை இழுக்கிற மாதிரி ஏலோ பாடி இஞ்சினைத் தூக்கி இறக்கினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. பிறகு என் கலியாணப் பாயை விரித்து, கழற்றியதை எல்லாம் வரிசையாகப் பரப்பினாய். நான் வடாம் பிழியக்கூட இடமில்லாமல் கூரைமேல் ஏறினேன்.

நாலு பிஸ்டனும் வெளியே வந்ததும் காதர் பாய், "ஒண்ணோட ஒண்ணு மாறக் கூடாது தம்பி. அடையாளம் வச்சிக்க. மாறிப்போச்சின்னா ஒரு வீட்டு மாப்பிள்ள இன்னொரு வீட்டுல படுத்த மாதிரி ஆயிரும்," என்றார்.

நம்பர் போட்டிருக்கலாம். நீ அப்படிச் செய்யவில்லை. முன்னாலிருந்து ஆரம்பித்து, நாலு சுவிசேஷ வரிசைப்படி மத்தேயு, மாற்கு, லூக்காஸ், அருளப்பர் என்று பெயர் வைத்தாய். "இந்த வரிசைய நான் செத்தாலும் மறக்கமாட்டேங்க்கா, மறந்தா சிஸ்டர் அடிச்ச அடி ஞாபகம் வரும்" என்றாய். வால்வுகள், கம்பிகள், போல்ட்டுகள் எல்லாம் அந்தந்தச் சுவிசேஷகர் பங்கில் தனித்தனித் தேங்காய்த் தொட்டியில் கிடந்தன. அதன் பிறகு நம் வீட்டுப் பேச்சே மாறிப்போனது. "மாற்குவ மிதிச்சிடாத", "அருளப்பருக்கு ஒரு நட்டு கொறையுது" என்றுதான் பேசினோம். காதர் பாய் ஒரு வாரத்தில் நாலு பேரையும் நம்மைவிடச் சரியாகச் சொன்னார்.

அவர்தான் ஒருநாள் மூன்றாவது சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். உள்சுவரில் நகத்தால் கீறியது மாதிரிக் கோடுகள்.

"லூக்காஸுக்குத்தான் நோவு."

"லூக்காஸு வைத்தியராச்சே பாய்! அவருக்கே நோவு வந்தா எப்படி?" என்றாய்.

"வைத்தியருக்கு வந்தா வெளியூருக்குத்தான் கொண்டுபோவணும்" என்றார்.

சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிப் புதுப் பிஸ்டன் போட வேண்டும். கடைகிற லேத் நாகப்பட்டினத்தில். காரைக்கால் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போக வேண்டும். அழுக்கோடு கொண்டுபோனால் லேத்காரன் தொடமாட்டான் என்று கழுவ உட்கார்ந்தாய். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. ரேஷன் கடையில் நான் கால்கடுக்க நின்று வெறும் டின்னோடு திரும்பினேன். நம் ஊரில் மண்ணெண்ணெய்க்குத்தான் பஞ்சம், சாராயத்துக்கு என்றைக்குப் பஞ்சம் வந்தது? போய்ச் சாராயம் வாங்கி வந்தாய். காதர் பாய் தூரப் போய்த் திரும்பி நின்றுகொண்டு, "நான் தொடமாட்டேன் தம்பி. நீயே குளிப்பாட்டு," என்றார். நீ சிலிண்டர் நாலும் இருக்கிற அந்தப் பிளாக்கை, மூலை முடுக்கெல்லாம் பிரஷ் விட்டு, ஊற்றி ஊற்றித் தேய்த்தாய். மேலே ஆயில் தடவி, சாக்கில் சுற்றிக் கட்டினாய். அந்தப் பக்கம் மதுவிலக்கு என்பது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அடுப்பங்கரையில் இருப்பவளுக்கு அடுப்பு வாடை தெரியுமா? காரைக்கால்காரனுக்குச் சாராய வாடை தெரியுமா?

விடிந்ததும் மாட்டுவண்டியில் ஏற்றினோம். பெரியம்மாவைப் பார்க்கிற சாக்கில் நானும் ஏறிக்கொண்டேன். எல்லைச் செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் ஒருவர் சாக்கைத் தூக்கியவர், மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். இன்ஸ்பெக்டர் வந்தார்.

"என்னய்யா இது?"

"இஞ்சின் சார்."

"இஞ்சினா? குடிச்சிருக்கே!" உன்னைப் பார்த்தார். "வாயை ஊது." ஊதினாய். "நீ குடிக்கல. இதுதான் குடிச்சிருக்கு. கேஸ யாரு மேல போடுறது?"

போலீஸ்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. டயருக்குள், தண்ணீர் டாங்கிக்குள் எல்லாம் சாராயத்தை ஒளித்துக் கொண்டுபோகிற காலம் அது. "இதுக்குள்ள எத்தன ஓட்ட இருக்கு, எதுல என்ன அடைச்சிருக்கோ. தெரிஞ்ச ஆளு வந்து பாக்கட்டும். எறக்கி வையிங்க," என்றார். யார் வருவார், எப்போது வருவார் என்று ஒன்றும் சொல்லவில்லை. இறக்கி வைத்தார்கள். நீ அதன் பக்கத்திலேயே புழுதியில் உட்கார்ந்துவிட்டாய். உன் முகத்தைப் பார்த்தேன். மனசுக்குள் நீ பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாய் என்று தெரிந்தது.

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது. வண்டியை விட்டு இறங்கிப் போனேன். "ஐயா, எங்க ஊருல மண்ணெண்ணெய் கெடைக்கலீங்க. சாராயம்தான் கெடைச்சுது. அதுல கழுவுனான். குடிக்கிறதுக்குக் கொண்டுபோறவன் இரும்ப நக்கியாங்க குடிப்பான்?" என்றேன்.

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "என்ன வண்டிம்மா இது?"

"திருநள்ளாறு சவாரி போற வண்டிங்க. பெயர்ச்சிக்குள்ள ஓடலேன்னா இவன் துபாய்க்குப் போயிடுவாங்க ஐயா. எனக்குக் கூடப்பொறந்தவன் இவன் ஒருத்தன்தான்."

திருநள்ளாறு என்றதும் அவர் முகம் மாறியது. சாக்கைப் பார்த்தார், ஓரடி தள்ளி நின்றார். "எனக்கு ஏழரை நடக்குது. இரும்பு சனீஸ்வரனோடதாச்சே. அவரு சவாரிய நான் மறிச்சி வச்சா என்னை விடுவாரா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கை விட்டு, டார்ச் அடித்து, அவரே ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தார். கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏத்துங்கய்யா. பெயர்ச்சிக்கு நாங்க குடும்பத்தோட வருவோம். வண்டி ஓடணும்," என்றார்.

ஓடியது. லேத்திலிருந்து வந்து, நீ ஒவ்வொரு தொட்டியாக எடுத்து மாட்டி, விரல் எல்லாம் வெடித்து, சோற்றைப் பிசைய முடியாமல் நான் பிசைந்து உருட்டிக் கொடுத்து, ஒரு காலையில் ஹாண்டிலைச் சுற்றினாய். முதலில் ஒன்றுமில்லை. மறுபடி சுற்றினாய். இருமியது, வெள்ளையாய்ப் புகைந்தது, அப்புறம் சுத்தமாக ஓடியது. காதர் பாய் திருப்புளியின் ஒரு முனையை இஞ்சின்மேல் வைத்து, மரப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நாலு பேரும் சண்ட இல்லாம ஓதுறாங்க" என்றார். நீ சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாய். வியர்வையைத்தான் துடைத்தாய் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன்.

புதுப் பிஸ்டன், கொஞ்ச நாள் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். பெயர்ச்சி அன்றைக்கு எல்லா டாக்சியும் உன்னைத் தாண்டிப் பறந்தன. பின்சீட்டில் இருந்த சவாரிக்காரர்கள் ஏசினார்கள். நீ திரும்பாமலே, "சனீஸ்வரனே மெதுவா நடக்குறவருங்க. அவரப் பாக்கப்போறதுக்கு எதுக்குங்க அவசரம்?" என்றாயாம். இன்ஸ்பெக்டரும் சொன்னபடி மனைவியோடு வந்தார். ஏறுமுன் பானெட்டை முகர்ந்துபார்த்து, "இப்பக் குடிக்கிறதில்லையா?" என்று கேட்டார். "விட்டுடுச்சிங்க சார்" என்றாய்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று இருந்தேன் தம்பி. சில வருஷம் அப்படித்தான் இருந்தது.

பிறகு பஸ்கள் அதிகமாயின, வேன் வந்தது. ஆனால் வருமானம் குறைந்ததனால் நீ போகவில்லை. ஒருநாள் நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது வந்து எதிரில் உட்கார்ந்தாய். "எனக்குத் தெரிஞ்சிபோச்சிக்கா," என்றாய்.

"என்னடா?"

"பிரிச்சா மாட்டிடுவேன்னு. இனிமே எங்க போனாலும் எனக்குப் பயமில்ல."

போலகத்துக்காரர் ஒருவருக்கு வண்டியை விற்றாய். ஓடுகிற வண்டியாகத்தான் விற்றாய். அவர் அதை ஓட்டிக்கொண்டு போனதை நீ தெருமுனை வரை நின்று பார்த்தாய். உன் மச்சானிடம் நீ சொன்ன கணக்குப்படி உனக்கு டிரைவர் என்றுதான் பேர். ஆனால் துபாய்க்கு நீ டிரைவராகப் போகவில்லை, மெக்கானிக்காகப் போனாய்.

உன்னை இங்கே நிறுத்திவைக்கத்தான் பிரி என்றேன். அதே பிரிப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது. தலைநிமிர்ந்து போகத்தான் நீயும் அன்றைக்குப் பிரித்தாயோ என்னவோ, அதைக் கேட்காமலே விட்டேன். இத்தனை வருஷம் கழித்து யோசித்தாலும் அலுப்புதான் மிஞ்சுகிறது. கோபம்கூட வரவில்லை.

கல்யாணம் அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு என்று தள்ளினாய். லீவும் தள்ளிப்போனது. அப்புறம் தந்தி வந்தது. வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இங்கே மாதா கோயிலில் வெறும் பெட்டிக்குமேல் கறுப்புத் துணி போர்த்திப் பூசை வைத்தோம். காதர் பாய் கோயில் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் முடியும்வரை நின்றார்.

காலையில் மாப்பிள்ளை கேட்டால் என்ன சொல்வது என்று இவ்வளவு நேரம் யோசித்தாகிவிட்டது. பிரியுங்கள் என்று சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். "எதுக்குப் பிரிக்கிறீங்க மாப்பிள்ள? வண்டி ஓடணும்னா, இல்ல உங்களால முடியும்னு தெரியணுமா?" என்று மட்டும் கேட்பேன். வண்டிக்காக என்றால் ஒர்க்‌ஷாப்பே போதும். மற்றதற்கு என்றால், என் மகளை முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

பத்தாவதில் முதலாவதாக வந்தவனும் மெட்ராஸுக்குப் போய்ப் படிக்கவேண்டும் என்கிறான். அவனுடைய அம்மா, "நீ சொன்னா கேப்பான், இருக்கச் சொல்லும்மா" என்கிறாள். நான் சொல்லவில்லை. யாரையும் இரு என்று சொல்கிற தெம்பு என்னிடம் இல்லை. உன்னிடமிருந்து என்னிடம் தங்கியது இதுதான் போலிருக்கிறது. போகிற பிள்ளைக்குச் சோற்றை உருட்டிக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வாசலில் நிற்கப் பழகிவிட்டேன்.

பேரப்பிள்ளைகள் உன்னைப் பற்றிக் கேட்டால் காட்டுவதற்கு நீ கடைசியாக அனுப்பிய படம்தான் இருக்கிறது. ஏதோ பெரிய லாரி இஞ்சின் பக்கத்தில் நிற்கிறாய். எடுத்தவன் இஞ்சினைத்தான் நன்றாக எடுத்திருக்கிறான். உன் முகத்தில் தொப்பி நிழல். கண் தெரியவில்லை, சிரிக்கிறாயா என்றும் தெரியவில்லை. எனக்குக் கண் மங்க மங்க, அந்த நிழலும் பெரிதாகிக்கொண்டே வருகிறது. இங்கே நாங்கள் எல்லோரும் நரைத்துவிட்டோம். நீ எப்படி இருப்பாய் என்று நினைத்துப் பார்க்கிறேன், வரவில்லை.

வேறு சேதி இல்லை தம்பி. உடம்பைப் பார்த்துக்கொள். தொப்பி இல்லாமல், வெளிச்சத்தைப் பார்த்து நின்று, புதிதாய் ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு.

உன் அக்கா